பல துறைமுகக் கப்பல் பயணம்: விசாவில் முதலில் பார்க்க வேண்டியது நுழைவு எண்ணிக்கை

பாலக்காடு / இடுக்கி: ஒரே பயணத்தில் மூன்று, நான்கு நாடுகளின் துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல் சுற்றுலா, நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைத் திட்டங்களிலும் இடம்பிடிக்கத் தொடங்கியுள்ளது. இத்துறையை வளர்க்கும் நோக்கில் மத்திய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் ‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தைத் தொடங்கியது. மூன்று கட்டங்களாக 2029 மார்ச் வரை நடைபெறும் இத்திட்டம், கடல்வழிச் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாகவும், கப்பல் வருகைகளை 125-இலிருந்து 500 ஆகவும் உயர்த்த இலக்கு வைத்துள்ளது.

பயணச்சீட்டு வாங்குவது எளிதாகியுள்ள அளவுக்கு, அந்தப் பயணத்துக்கான விசா விதிகளைப் புரிந்துகொள்வது எளிதாகவில்லை. விமானத்தில் ஒரு நாட்டுக்குச் சென்று திரும்புபவர் பொதுவாக ஒரு விசாவைப் பற்றி யோசித்தால் போதும். கப்பலில் செல்பவரோ ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். அதிலும், விசா எத்தனை நாள்களுக்குச் செல்லும் என்பதைக் காட்டிலும், அது எத்தனை முறை நுழைய அனுமதிக்கிறது என்பதே பல நேரங்களில் பயணத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

கடலில்லாத மாவட்டங்களுக்கு இதில் என்ன அக்கறை?

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரண்டுமே கடற்கரை இல்லாத மாவட்டங்கள். இடுக்கியில் ரயில் பாதையும் இல்லை, விமான நிலையமும் இல்லை. ஆயினும் கப்பல் சுற்றுலாவின் விசா விதிகள் இவ்விரு மாவட்டங்களையும் இரண்டு வகைகளில் தொடுகின்றன.

முதலாவது, இங்கிருந்து புறப்படும் பயணிகள். பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர்களைக் கொண்ட குடும்பங்கள் இரு மாவட்டங்களிலும் உண்டு. உறவினரைப் பார்க்கச் சென்ற இடத்திலேயே நான்கு நாள் கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்வது இத்தகைய குடும்பங்களுக்கு இயல்பான வழி. விசாச் சிக்கல் எழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாவது, இங்கு வந்து சேரும் பயணிகள். கொச்சி துறைமுகத்தின் வெல்லிங்டன் தீவில் 25.72 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட ‘சாகரிகா’ சர்வதேசக் கப்பல் பயணியர் முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2021 பிப்ரவரி 14 அன்று திறந்துவைத்தார். அந்த முனையத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் மூணாறுக்கோ தேக்கடிக்கோ வருவதும் வராததும், அவர்கள் கையில் உள்ள இந்திய விசா எத்தகையது என்பதையும் பொறுத்தது.

துறைமுகமும் ஓர் எல்லையே

கப்பல் ஒரு மிதக்கும் விடுதி. அதில் ஏறும்போதே எல்லா அனுமதிகளும் முடிந்துவிட்டன என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையின்படி, கடற்கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல். துறைமுகமோ அதற்கும் உட்பட்ட உள்நாட்டு நீர்ப்பரப்பு. அங்கே யாரை இறங்க விடுவது என்பதை முடிவு செய்யும் முழு உரிமையும் அந்த நாட்டுக்கு உண்டு.

எனவே, ஐந்து நாடுகளின் துறைமுகங்களைத் தொடும் கப்பல் ஐந்து எல்லைகளைக் கடக்கிறது. கப்பல் நிறுவனம் விற்கும் சீட்டு, கப்பலில் ஓர் அறைக்கும் உணவுக்குமான சீட்டே தவிர, அந்த ஐந்து நாடுகளின் அனுமதிச்சீட்டு அல்ல. தேவையான விசாக்களைப் பெறும் பொறுப்பு பயணியுடையது என்று பயணச்சீட்டின் நிபந்தனைகளில் எழுதிவைப்பது கப்பல் நிறுவனங்களின் பொது வழக்கம்.

உரிய ஆவணமில்லாத பயணியைக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப் பல நாடுகளின் சட்டங்களில் இடமுண்டு. அதனால், ஆவணச் சோதனை வெளிநாட்டுத் துறைமுகத்தில் நடப்பதற்கு முன்பாகவே, புறப்படும் துறைமுகத்தின் பதிவு மேசையில் நடந்துவிடுகிறது. நான்காவது துறைமுகத்துக்கான விசா இல்லாத பயணி, முதல் துறைமுகத்திலேயே கப்பலில் ஏற மறுக்கப்படலாம். அவ்வாறு நிறுத்தப்படுபவருக்குக் கட்டணம் திரும்பக் கிடைப்பது அரிது.

எல்லை மாவட்டத்து மக்களுக்கு இது முற்றிலும் புதிய அனுபவம் அல்ல. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, தமிழகத்திலிருந்து புறப்பட அனுமதி பெற்றிருந்தும் கேரளத்தின் நுழைவு பாஸ் இல்லாத பலர் வாளையார் சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்தப்பட்டனர். அந்த விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது. குமுளியிலும் இதே கட்டுப்பாடு இருந்தது. ஓரிடத்திலிருந்து வெளியேறும் அனுமதி வேறு, அடுத்த இடத்துக்குள் நுழையும் அனுமதி வேறு என்பதை அந்த நாள்கள் உணர்த்தின. கப்பல் பயணத்தில் ஒவ்வொரு துறைமுகமும் அத்தகையதொரு சாவடிதான்.

திரும்பி வருவதும் ஒரு நுழைவு

பயணிகள் பெரும்பாலும் தவறவிடும் இடம், புறப்பட்ட துறைமுகத்துக்கே கப்பல் திரும்பி வருவது. எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரில் புறப்பட்டு, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகியவற்றைத் தொட்டு, மீண்டும் சிங்கப்பூரிலேயே முடியும் பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு அளித்தது. அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கை நடைமுறைப்படுத்தியது. இவ்விரண்டையும் பார்க்கும் பயணி, சிங்கப்பூர் விசா ஒன்று மட்டும் போதும் என்ற முடிவுக்கு வருகிறார். ஆனால் அந்தப் பயணத்தில் அவர் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறார்: விமானத்தில் வந்து இறங்கும்போது ஒரு முறை, கப்பல் திரும்பும்போது மற்றொரு முறை. கையில் உள்ளது ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால், அது முதல் நுழைவிலேயே பயன்படுத்தப்பட்டுவிடும். விசாவில் இன்னும் இருபது நாள் மீதமிருந்தாலும் பயனில்லை.

ஐரோப்பாவில் இது இன்னும் நுட்பமானது. செங்கன் விசா வைத்திருப்பவர் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை அந்தப் பகுதியில் தங்கலாம். பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ் எனச் செங்கன் துறைமுகங்களுக்குள் மட்டுமே கப்பல் சென்றால், அந்தப் பயணம் முழுவதும் ஒரே நுழைவாகக் கொள்ளப்படும். அதே கப்பல் இடையில் துனிசியாவின் துறைமுகத்துக்கோ, மாண்டினீக்ரோவின் கோட்டாருக்கோ, பிரிட்டனின் சவுத்தாம்ப்டனுக்கோ சென்று திரும்பினால், பயணி செங்கன் பகுதியை விட்டு வெளியேறி மறுபடியும் நுழைந்தவர் ஆகிறார். அப்போது இருமுறை அல்லது பலமுறை நுழைவு விசா தேவை.

உறுப்பு நாடுகளின் பட்டியலும் மாறிவருகிறது. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று செங்கனில் இணைந்தது. பல்கேரியா, ருமேனியா ஆகியவற்றின் வான், கடல் எல்லைகள் 2024 மார்ச் 31 முதலும், தரை எல்லைகள் 2025 ஜனவரி 1 முதலும் செங்கனுக்குள் வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் குரோஷியாவின் டுப்ரோவ்னிக் துறைமுகத்துக்குச் சென்றுவந்த உறவினர் சொல்லும் கணக்கு இன்று பொருந்தாது.

எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதும் கப்பல் பயணிகளைக் குழப்பும் கேள்வி. அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். தங்கும் நாள்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளுக்கு ஒரு துறைமுகம் என அமையும் பயணங்களில் பெரும்பாலும் இரண்டாவது விதியே பொருந்தும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடும் கட்டாயம். விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் இத்தொகை திரும்பக் கிடைக்காது.

இந்தியர்களுக்கு ஐரோப்பிய ஆணையம் 2024 ஏப்ரல் 18 அன்று ஒரு சலுகையை அறிவித்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு செங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாகும் பலமுறை நுழைவு விசாவும், அதன் பின்னர் ஐந்தாண்டு விசாவும் வழங்கப்படலாம். அடிக்கடி செல்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. முதன்முறையாக ஐரோப்பா செல்லும் குடும்பத்துக்கு இதனால் பயனில்லை. அவர்கள் பயணத் திட்டத்தைக் காட்டித்தான் இருமுறை நுழைவைக் கேட்க வேண்டும்.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை, கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல் ரேகையையும் முகப் படத்தையும் பதிவு செய்கிறது. நுழைவுகளையும் தங்கிய நாள்களையும் இனி கணினியே எண்ணுகிறது. மங்கிய முத்திரையால் கவனிக்கப்படாமல் போகும் வாய்ப்பு இதனால் குறைந்துவிட்டது.

கப்பல் பயணிகளுக்கென உள்ள சலுகைகள்

கப்பலில் வருபவர் பகலில் இறங்கி, மாலையில் அதே கப்பலில் திரும்பிவிடுவார் என்பதை உலக நாடுகள் அறியாமல் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1965-இல் உருவாக்கிய கடல் போக்குவரத்து எளிமையாக்க உடன்படிக்கையில், சொகுசுக் கப்பல் பயணிகளுக்கெனத் தனிப் பகுதியே உள்ளது. ஆயினும், சலுகை அளிப்பதும் அளிக்காததும் நடைமுறையில் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

துருக்கியில், கடல்வழியே துறைமுகத்துக்கு வந்து அந்நகரையும் அருகிலுள்ள நகரங்களையும் பார்வையிடும் சுற்றுலாப் பயணிகள் 72 மணி நேரத்துக்குள் திரும்பினால் விசா தேவையில்லை. அதே துருக்கிக்கு விமானத்தில் செல்லும் இந்தியர், செங்கன், அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பிட அனுமதியோ இருந்தால்தான் மின்னணு விசா பெற முடியும். கப்பலில் இஸ்தான்புல்லில் இறங்கி, அங்கிருந்து விமானத்தில் ஊர் திரும்பத் திட்டமிடுபவர், கப்பல் பயணிக்கான சலுகை தமக்குப் பொருந்துமா என்பதை முன்பே உறுதிசெய்ய வேண்டும்.

சீனா 2024 மே 15 முதல், கப்பலில் வரும் வெளிநாட்டுச் சுற்றுலாக் குழுக்களுக்கு 15 நாள் விசா விலக்கு அளிக்கிறது. குழுவில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். சீனப் பயண முகமை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வந்த கப்பலிலேயே பயணத்தைத் தொடர்ந்து வெளியேற வேண்டும். தனியாக வருபவருக்கு இது பொருந்தாது.

வளைகுடாவில், துபாயில் புறப்பட்டு அபுதாபி, மஸ்கட், தோஹா எனச் சென்று துபாய்க்கே திரும்பும் குளிர்காலப் பயணங்கள் கேரளத்தவரிடையே அறிமுகமானவை. இடையில் ஓமனுக்கோ கத்தாருக்கோ சென்று திரும்பும்போது அமீரகத்துக்குள் இரண்டாவது நுழைவு நிகழ்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2025 செப்டம்பர் இறுதியில் அறிவித்த நான்கு புதிய வருகை விசா வகைகளில் ஒன்று, சொகுசுக் கப்பல் மற்றும் உல்லாசப் படகுச் சுற்றுலாவுக்கானது. பலமுறை நுழைவை அனுமதிப்பது. உறவினர் எடுத்துத் தரும் சாதாரண ஒருமுறை நுழைவு விசாவில் துபாய் செல்பவர், கப்பலில் ஏறுவதற்கு முன் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு வருபவர்களுக்கும் இதே கணக்கு

இந்தியாவின் 30 நாள் மின்னணுச் சுற்றுலா விசா இரண்டு முறை நுழைய மட்டுமே அனுமதிக்கிறது. ஓராண்டு, ஐந்தாண்டு மின்னணுச் சுற்றுலா விசாக்கள் பலமுறை நுழைவுக்கானவை. மும்பை, மர்மகோவா, புதிய மங்களூரு, கொச்சி, சென்னை ஆகிய துறைமுகங்கள் மின்னணு விசாவை ஏற்கும் கடல் வாயில்களுள் அடங்கும்.

மும்பை, கோவா, கொச்சி எனத் தொடர்ந்து இந்தியத் துறைமுகங்களுக்கே வரும் கப்பலின் பயணிக்கு ஒரு நுழைவு போதும். கொச்சிக்குப் பின் கொழும்பு சென்று சென்னைக்கு வந்தால் இரண்டு நுழைவுகள். மும்பையிலிருந்து மாலே சென்று கொச்சிக்கு வந்து, மீண்டும் கொழும்பு வழியாகச் சென்னைக்கு வந்தால் மூன்று. மூன்றாவது கணக்கில் 30 நாள் விசா போதாது. அந்த விசாவை எடுத்துவிட்ட பயணி, கட்டணம் செலுத்திய பிறகும் ஒரு துறைமுகத்தில் கப்பலிலேயே உட்கார்ந்திருக்க நேரலாம். அல்லது பயணத்தையே தொடங்க முடியாமல் போகலாம்.

கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மலைச்சாலையில் நான்கு மணி நேரம் ஆகும். காலையில் வந்து மாலையில் புறப்படும் கப்பலின் பயணிகள் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, ஆலப்புழை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம். இரவு தங்கும் கப்பல்களின் பயணிகளும், கொச்சியில் பயணத்தைத் தொடங்கவோ முடிக்கவோ செய்பவர்களும்தான் மூணாறு, தேக்கடிவரை வரக்கூடியவர்கள். கப்பலை விட்டு இறங்கி நான்கு நாள் மலையில் தங்கி, பிறகு இலங்கை சென்று திரும்ப விரும்பும் பயணிக்குத் தடையாக நிற்பது பல நேரங்களில் இந்த நுழைவு எண்ணிக்கையே.

மலைக்கு வராத பயணியும் இடுக்கிக்குத் தொடர்பற்றவர் அல்லர். மட்டாஞ்சேரியின் கடைகளில் வெளிநாட்டவர் வாங்கும் ஏலக்காய்க்கும் மிளகுக்கும் இடுக்கி மலைகளே முக்கிய ஊற்று. வண்டன்மேடு, புற்றடி, தமிழகப் பக்கத்தில் போடிநாயக்கனூர் ஆகியவை ஏலக்காய் வணிகத்தின் மையங்கள். துறைமுகத்தில் ஒரு பயணி இறங்குகிறாரா, கப்பலிலேயே தங்கிவிடுகிறாரா என்பதன் விளைவு, வாடகைக் கார் ஓட்டுநரில் தொடங்கி நறுமணப் பொருள் வணிகர்வரை பரவுகிறது.

விதிகள் மாறும் வேகம்: இலங்கை தரும் எடுத்துக்காட்டு

சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்வி எம்ப்ரஸ்’ கப்பல் 2023 ஜூன் 5 அன்று இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்களை இணைத்த பயணம் அது. மூன்றும் ஒரே நாட்டில் இருப்பதால் நுழைவுக் கணக்கு எளிது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணியர் கப்பல் சேவையும் தொடங்கியது. இடையில் நின்றுபோன அச்சேவை 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் தொடங்கியது.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இலங்கையின் விசா நடைமுறையே தலைகீழாக மாறியது. 2024 ஏப்ரலில் இணையவழி விசா வழங்கும் பணி வெளிநிறுவனங்களின் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டண உயர்வால் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 2 அன்று அந்த ஏற்பாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பழைய மின்னணுப் பயண அனுமதி முறை செப்டம்பர் இறுதியில்தான் மீண்டும் வந்தது. ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யப்படும் கப்பல் பயணத்தில், பதிவு செய்யும் நாளின் விதியும் பயண நாளின் விதியும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையே இது காட்டுகிறது.

பெயரிலும் ஒரு சிக்கல்

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்வது தமிழர் வழக்கம். குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாததால், பலரின் கடவுச்சீட்டில் அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது.

எல்லைப் பகுதியில் இது கூடுதல் கவனத்துக்குரியது. பள்ளிச் சான்றிதழ் ஒரு மாநிலத்திலும், குடும்ப அட்டை மற்றொரு மாநிலத்திலும் பெற்ற குடும்பங்களில், ஒரே பெயர் ஆவணத்துக்கு ஆவணம் வெவ்வேறு எழுத்துகளில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. ஒரு நாட்டுக்குச் செல்லும்போது கவனிக்கப்படாமல் போகும் வேறுபாடு, நான்கு நாடுகளின் அதிகாரிகள் பார்க்கும்போது எங்கேனும் ஓரிடத்தில் கண்ணில் படும். கடவுச்சீட்டு பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதும் பல நாடுகளும் கப்பல் நிறுவனங்களும் கேட்கும் நிபந்தனை.

இறங்காவிட்டால் விசா வேண்டாமா?

‘அந்தத் துறைமுகத்தில் நாங்கள் இறங்கவே போவதில்லை, பிறகு எதற்கு விசா?’ என்பது இயல்பான கேள்வி. சில துறைமுகங்களில் இது செல்லும். ஆனால், கப்பல் தொடும் எல்லா நாடுகளுக்கும் விசா இருந்தால்தான் ஏற்றுவோம் என்று கூறும் நிறுவனங்களும் உள்ளன. அதற்குக் காரணம் உண்டு. நடுக்கடலில் உடல்நலம் குன்றும் பயணியை அடுத்த துறைமுகத்தில் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்ப நேரலாம். அவரோடு குடும்பத்தினரும் இறங்க வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தாலும், பின்னர் அங்கிருந்து விமானத்தில் ஊர் திரும்ப அந்நாட்டின் குடியேற்றத் துறையைக் கடந்தாக வேண்டும்.

கரையில் இறங்கி, குறித்த நேரத்துக்குள் திரும்பாதவரின் நிலையும் இதுவே. 2024 மார்ச் இறுதியில், ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் இறங்கிய எட்டுப் பயணிகள் நேரத்துக்குத் திரும்பாததால் ‘நார்வீஜியன் டான்’ கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. ஆறு அமெரிக்கர்களும் இரண்டு ஆஸ்திரேலியர்களுமான அவர்கள், கப்பலைப் பிடிக்கக் காம்பியாவுக்குச் சென்றனர். கப்பல் அங்கே நிற்க முடியாமல் போனதால் செனகல் வரை பயணப்பட்டனர். பல நாடுகள் விசாவின்றி வரவேற்கும் கடவுச்சீட்டுகளை வைத்திருந்தவர்களுக்கே அந்த அலைச்சல். பல நாடுகளுக்கு முன்கூட்டியே விசா கேட்கப்படும் இந்தியக் கடவுச்சீட்டுடன் அதே நிலையில் நிற்பவருக்கு அது இன்னும் கடினமாகலாம்.

உள்நாட்டிலும் ஓர் அனுமதி

வெளிநாடே வேண்டாம், கொச்சியிலிருந்து லட்சத்தீவு சென்றுவருவோம் என்று முடிவு செய்பவர்களுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. ஆனால் 1967-ஆம் ஆண்டின் நுழைவு, வசிப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அத்தீவுகளைச் சேராத இந்தியக் குடிமக்களும் நுழைவு அனுமதி பெற வேண்டும். சுற்றுலாத் தொகுப்பில் செல்பவர்களுக்கு ஏற்பாட்டாளர்களே இதைப் பெற்றுத் தருவது உண்டு. அந்த அனுமதி தொகுப்பில் அடங்குமா என்பதைப் பணம் செலுத்தும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

பயணியின் பக்கத்தில் செய்யக்கூடியது எளிமையானது. பயணத் திட்டத்தை வாங்கி, துறைமுகங்களை வரிசையாக ஒரு தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் நாட்டின் பெயரை எழுதி, ஒரே நாடு அல்லது ஒரே செங்கன் பகுதி எத்தனை முறை விட்டுவிட்டு வருகிறது என்று எண்ண வேண்டும். கப்பலில் ஏறுவதற்காக விமானத்தில் வந்து இறங்குவதும், பயணம் முடிந்து திரும்புவதும் அந்த எண்ணிக்கையில் சேர வேண்டும். கிடைக்கும் எண்ணே அந்த நாட்டுக்குக் கேட்க வேண்டிய நுழைவு எண்ணிக்கை. விசா விலக்கு, கப்பல் பயணிகளுக்கான சலுகை ஆகியவற்றை அந்தந்த நாட்டின் தூதரக இணையதளத்திலும், எல்லாத் துறைமுகங்களுக்கும் விசா கட்டாயமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்து வடிவிலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆனால் எல்லாச் சுமையையும் பயணியின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. கப்பலின் பாதையை நிர்ணயிப்பது நிறுவனம். அந்தப் பாதை எத்தனை எல்லைகளைக் கடக்கிறது என்பதை அதைவிட நன்கு அறிந்தவர் யாருமில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தேவைப்படும் விசாக்களையும் நுழைவு எண்ணிக்கையையும் விலைப்பட்டியலுடன் சேர்த்து, வாங்குபவரின் மொழியிலேயே அச்சிட்டுத் தருவதை இந்தியாவில் சீட்டு விற்கும் நிறுவனங்களுக்கும் முகவர்களுக்கும் கட்டாயமாக்கலாம். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. விற்கும் சேவையைப் பற்றிய முக்கியத் தகவலை மறைக்கக் கூடாது என்பது நுகர்வோர் பாதுகாப்பின் அடிப்படையே.

‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டம் மின்னணு விசா வசதிகளையும் தன் நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டுள்ளது. கொழும்பையும் மாலேயையும் இடையில் தொட்டு இந்தியத் துறைமுகங்களுக்கு மீண்டும் மீண்டும் வரும் கப்பலின் பயணிகளுக்கு, அந்தப் பயணம் முடியும்வரை செல்லுபடியாகும் பலமுறை நுழைவு அனுமதி ஒன்றைக் குறைந்த கட்டணத்தில் வழங்கினால், 30 நாள் விசாவின் இரட்டை நுழைவு வரம்பு ஒரு தடையாக இருக்காது. கப்பல் வருகைகளை 500 ஆக்கும் இலக்கு நிறைவேறினாலும், வந்த கப்பலிலிருந்து பயணிகள் இறங்கினால்தான் அதன் பயன் கொச்சியைத் தாண்டி மூணாறுக்கும் குமுளிக்கும் எட்டும்.